பஸ் வேகமாச்சு... லாபம் யாருக்குப் போச்சு? நகரத்தைக் கணக்குப் போடும் 'ஸ்பேஷியல் மாடல்'

ஒரு ஏரியாவுக்குப் புதிதாக மெட்ரோ வரப்போகிறது என்று அறிவிப்பு வருகிறது. நிலம் வைத்திருப்பவருக்குச் சந்தோஷம். கடை போட்டிருப்பவருக்கும் சந்தோஷம். அங்கே வாடகைக்குக் குடியிருப்பவருக்கு? ஆபீஸ் போகும் நேரம் அரை மணி குறையலாம். ஆனால், அடுத்த அக்ரிமென்ட்டில் வாடகை ஏறிவிட்டால் கையில் மிஞ்சுவது என்ன?

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் பொருளாதார அறிஞர்கள் 'ஸ்பேஷியல் மாடல்' என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில், இடம்சார் பொருளாதார மாதிரி.

அப்படின்னா என்ன?

நகரத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேர் வசிக்கிறார்கள், எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள், நிலத்தின் விலை என்ன, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக எத்தனை நிமிடம் ஆகும் என்ற விவரங்கள் உள்ளே போகும்.

மக்கள் சம்பளம், வாடகை, பயண நேரம் மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்துத்தான் வீடும் வேலையும் தேடுகிறார்கள். கம்பெனிகளோ ஆள் கிடைக்கும் இடத்தையும் இட வாடகையையும் பார்க்கின்றன. ஒரு பாதையில் பயண நேரம் குறைந்தால், இந்த முடிவுகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எங்கே போய் நிற்கும் என்பதை மாடல் கணிக்கும்.

பொகோட்டா சொல்லும் பாடம்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. அங்கே ஒரு காலத்தில், எத்தனை பயணிகளை ஏற்றுகிறார்களோ அதற்கேற்பத்தான் பஸ் டிரைவர்களுக்கு வருமானம். அதனால் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஆள் பிடித்தார்கள். இதற்குச் 'சில்லறைக் காசுச் சண்டை' என்றே அந்த ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

2000 டிசம்பரில், மேயர் என்ரிக்கே பென்யலோசா காலத்தில் 'டிரான்ஸ்மிலேனியோ' ஓடத் தொடங்கியது. சாலை நடுவே பஸ்களுக்கு மட்டும் தனிப் பாதை. மேடை வைத்த நிலையங்கள். ஏறுவதற்கு முன்பே டிக்கெட். பின்னர் விரிவடைந்து, நாளொன்றுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பயணிக்கும் சேவையானது.

பஸ்ஸை அதிகம் நம்பியிருப்பவர்கள் ஏழைகள். அப்படியானால் பலனும் அவர்களுக்குத்தானே அதிகம்? பொருளாதார அறிஞர் நிக் சிவானிடிஸ் ஸ்பேஷியல் மாடல் கொண்டு இதை ஆராய்ந்தார். விடை அவ்வளவு நேரடியாக இல்லை.

முதலாவது, திட்டத்தின் மொத்தப் பலன் வழக்கமான கணக்கு காட்டுவதைவிடப் பெரியது. பழைய முறையில் மிச்சமான நிமிடங்களைப் பணமாக மாற்றிக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். வேகமான பஸ் வந்ததால் ஒருவர் தூரத்தில் இருக்கும் நல்ல வேலைக்கு மாறுவது அதில் பதிவாகாது.

இரண்டாவது, எதிர்பார்த்த அளவுக்குப் பலன் ஏழைகள் பக்கம் சாயவில்லை. யார் ஏறுகிறார்கள் என்பது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. அந்த வழித்தடம் யாருடைய வேலை இருக்கும் இடத்துக்குப் போகிறது, வாடகையும் சம்பளமும் எப்படி மாறுகின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

மூன்றாவதுதான் முக்கியம். போக்குவரத்து மாறியது, அதற்கேற்பக் கட்டட விதிகள் மாறவில்லை. நிலையங்களைச் சுற்றிக் கூடுதல் மாடிகள் கட்ட அனுமதித்திருந்தால் அதிக வீடுகள் வந்திருக்கும், பலனும் கூடியிருக்கும் என்கிறது மாடல். அந்த அனுமதியைக் கட்டணத்துக்கு விற்றால், திட்டச் செலவில் ஒரு பகுதியையும் அரசு ஈட்டலாம். ஹாங்காங் மெட்ரோ நிறுவனம் நிலையங்களை ஒட்டிய நிலத்தில் கட்டடம் எழுப்பி வருமானம் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே யோசனைதான்.

இதை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. பெர்லினில் இதற்கு ஒரு பரீட்சை நடந்தது. நகரம் இரண்டாகப் பிரிந்தபோது, பழைய மையத்தை ஒட்டிய மேற்குப் பகுதிகளில் நில மதிப்பு விழுந்தது. 1989-ல் சுவர் விழுந்த பிறகு அங்கே மீண்டும் ஏறியது. 1936, 1986, 2006 ஆண்டுகளின் தரவுகளை வைத்து நான்கு ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஏற்ற இறக்கங்களை மாடலால் பெருமளவு விளக்க முடிந்தது.

எங்கே சறுக்கும்?

தரவு பழசானால் விடையும் பழசுதான். இந்தியாவில் 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகள் வெளியாகவில்லை. வேலைக்குப் போகும் தூரம் பற்றிய விவரமும் அந்தக் கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. தெருவோர வியாபாரி, வீட்டு வேலை செய்பவர் போன்றோர் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பது பதிவாகாவிட்டால், மாடலின் பார்வையில் அவர்கள் இல்லவே இல்லை. பள்ளிக்கூடம், சொந்தபந்தம், சாதி என்று வீடு மாறுவதைத் தடுக்கும் விஷயங்களையும் எண்ணில் அடக்குவது கஷ்டம்.

சென்னையில் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டம் திட்டமிடப்பட்டு வேலை நடக்கிறது. ரயில் எந்த வழியாகப் போகும் என்பது முடிவாகிவிட்டது. நிலையத்தைச் சுற்றி யாருக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் வரும், எத்தனை வரும் என்பதைத் தீர்மானிப்பவை கட்டட விதிகள். வாடகைதாரர் அதே ஏரியாவில் இருப்பாரா, இன்னும் தள்ளிப் போவாரா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.