வீட்டில் வாசனை மெழுகுதிரி: மழைக்காலத்திற்கு ஓர் உபதொழில்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நெசவாளர் குடும்பங்கள் படும் சிரமம் அங்கத்தினர்கள் அறியாததன்று. வெயில் இல்லாமையால் பாவுக்குக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாது. குழித்தறிகளில் நீர் ஊறிவிடும். ஆயினும் வீட்டுச் செலவு நிற்பதில்லை. அதே மாதங்களில்தான் கல்லறைத் திருநாள் வருகிறது; அவற்றை அடுத்துக் கிறிஸ்துமஸும் வருகிறது. மெழுகுதிரிக்கு நல்ல விற்பனை உண்டு. ஆகவே அழகிய வாசனை மெழுகுதிரிகள் செய்வதை ஓர் உபதொழிலாகக் கொள்ளலாமா என்று பல சங்கங்களில் நம்மைக் கேட்கின்றனர். கொள்ளலாம்; ஆனால் முறையறிந்து, கணக்கறிந்து கொள்ளவேண்டும்.

முதலில் திரியைக் கவனிப்போம். மெழுகுதிரியின் உயிர் அதன் திரியே. முற்காலத்துத் திரிகள் வெறுமனே முறுக்கிய நூலால் ஆனவை. கரிந்த நுனியை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. 1825ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் காம்பசெரே என்பவர் நூலைப் பின்னித் திரியாக்கினார். பின்னிய திரி எரியும்போது வளைந்து, சுடரின் வெளிப்புறத்தில் நுனியை நீட்டித் தானே எரிந்து சாம்பலாகிவிடுகிறது. நூலோடு பழகிய நம் கைகளுக்கு மூன்று புரி பின்னுவது அரிதன்று. சுத்தமான பருத்தி நூலையே கொள்க. செயற்கை இழை கலந்த நூல் உருகிக் கெடும். ஒரு குவளை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரமும் கரைத்து, திரியை ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு நாள் நன்கு உலர்த்துக. திரி மெலிந்தால் உருகிய மெழுகில் சுடர் மூழ்கி அணையும், தடித்தால் புகையும். ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு திரியை முழுவதும் எரித்துப் பார்த்தே முடிவு செய்க.

அடுத்தது மெழுகு. ஒரு கிலோ பாரபின் மெழுகுக்கு 100 கிராம் ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் திரி கெட்டியாகவும் வெண்மையாகவும் அமையும். மெழுகுப் பாத்திரத்தை ஒருபோதும் நேரே அடுப்பில் வைக்கலாகாது. பெரிய பாத்திரத்தில் நீர் கொதிக்க, அதனுள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து உருக்கவேண்டும். மெழுகு ஏறத்தாழ 60 சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். 80க்கு வந்ததும் இறக்கி, வாசனைத் தைலம் 60 கிராம் கலந்து, இரண்டு நிமிஷம் மெதுவாகக் கிளறி, எண்ணெய் தடவிய அச்சில் ஊற்றுக. ஆறும்போது மெழுகு சுருங்கித் திரியைச் சுற்றிக் குழி விழும். சிறிது மெழுகை மீத்து வைத்து, குழியை நிரப்புக.

பன்னீரும், சாராயத்தில் கரைத்த சென்டும் மெழுகோடு சேரா. எண்ணெயில் கரையும் வாசனையே வேண்டும். எலுமிச்சைப் புல் பயிரிட்டுத் தைலம் வடிக்கும் விவசாய அங்கத்தினர்களிடம் அதையே வாங்கலாம். மல்லிகையின் மணத்தைச் சாதாரண வாலையில் வடிக்க இயலாது. அது ஆலை வேலை. மணம் மிகுதியாக வேண்டுமென்று தைலத்தை அளவு மீறி ஊற்றினால் திரியின் மேல் எண்ணெய் வியர்க்கும். கடைக்காரர் திருப்பி விடுவார். நூலுக்கு ஏற்றும் சாயம் வீட்டில் இருக்கிறதே என்று மெழுகிலிடவும் வேண்டாம். அது மெழுகில் கரையாது. திரியை அடைத்துச் சுடரைக் கெடுக்கும். மெழுகுக்கென்றே விற்கும் எண்ணெய்ச் சாயம் சிறிதே போதும். உலர்ந்த பூவும் இலையும் பதிப்பது கண்ணுக்கு அழகு. சுடர் அருகே வந்தால் அவையே தீப்பற்றும். அழகை அச்சின் வடிவிலும் நிறத்திலும் காட்டுக.

நெசவாளர் வீட்டில் நூலும் பாவும் மரத்தறியும் நிறைந்திருப்பதால் எச்சரிக்கை இருமடங்கு வேண்டும். தறி உள்ள அறையில் மெழுகு உருக்கலாகாது. மெழுகு தீப்பற்றினால் நீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் நீர் ஆவியாகி எரியும் மெழுகை நாற்புறமும் சிதறடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் மூடிவிடுக. மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குழந்தைகள் எட்டியே இருக்கட்டும்.

இனிக் கணக்கு. தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில், அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் தாம் செய்த திரிகளைக் காட்டினார். ஒரு கிலோ மெழுகில் 11 திரிகள், திரி 40 ரூபாய், வரவு 440. மூலப்பொருள் செலவு 320. "120 ரூபாய் லாபம், ஐயா" என்றார் மகிழ்ச்சியோடு. நாம் அவருடன் அமர்ந்து எழுதினோம். எரிவாயு 15, பெட்டியும் காகிதமும் 55, மிஞ்சியது 50. அதற்கு அவர் உழைத்தது மூன்று மணி நேரம். மணிக்குப் பதினேழு ரூபாயும் தேறவில்லை! அவர் முகம் வாடிற்று, நமக்கும் வருத்தமே. எனினும் அந்த ஏட்டுப் பக்கமே அவருக்கு வழி காட்டியது. மூன்று கிலோவை மூன்று தவணையாக உருக்கினால், ஒன்று ஆறும்போது அடுத்ததைத் தொடங்கி, ஐந்து மணியில் 33 திரிகள் முடிக்கலாம் என்று கண்டார். விலையை 45 ஆக்கியபோது வரவு 1,485, செலவு 1,170, மிச்சம் 315. மணிக்கு 63 ரூபாய்.

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் முறை மாறாது. தம் உழைப்பைச் செலவில் எழுதாதவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். கடன் வாங்கி இதைத் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு கிலோ செய்து, விற்று, பின் வளர்க்கலாம். பத்துக் குடும்பங்கள் கூடினால் மெழுகைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கலாம். அச்சுகளையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பேசுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மழை வருமுன் பேசுவது நலம்.