42-லிருந்து 5... பள்ளிப் பிள்ளைகளைக் குடியிலிருந்து மீட்ட ஐஸ்லாந்து பெற்றோர்!

'ஸ்கூல் படிக்கிற பையன் குடிச்சிட்டு வந்தானாம்' என்று காதில் விழுந்தால், 'காலம் கெட்டுப்போச்சு' என்று பெருமூச்சு விடுவோம். அந்தப் பெருமூச்சோடு நிற்காத நாடு ஐஸ்லாந்து.

வட அட்லாண்டிக் கடலில், சுமார் நான்கு லட்சம் பேர் வாழும் தீவு அது. 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அங்கே மது விற்கக் கூடாது. ஆனாலும் 1990-களில் வெள்ளிக்கிழமை இரவானால், தலைநகர் ரெய்க்யவிக் வீதிகளில் பள்ளிப் பிள்ளைகள் குடித்துவிட்டுக் கும்பலாகத் திரிந்தார்கள். 1998-ல் நடந்த கணக்கெடுப்பில், 15, 16 வயது மாணவர்களில் 42 சதவிகிதம் பேர், முந்தைய ஒரு மாதத்தில் போதையேறும் அளவுக்குக் குடித்ததாக ஒப்புக்கொண்டார்கள்.

2016-ல் இது 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது!

முதலில் கேட்டார்கள்

'குடி உடம்புக்குக் கேடு' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. அதனால், குடிக்காத பிள்ளைகளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று மாணவர்களிடமே கேட்டு ஆராய்ந்தார்கள். நான்கு விஷயங்கள் தெரிந்தன. வாரத்தில் மூன்று, நான்கு நாள்களாவது விளையாட்டு, இசை போன்ற பயிற்சிக்குப் போவது. வார நாள்களிலும் பெற்றோருடன் நேரம் செலவிடுவது. பள்ளியில் தன்மேல் அக்கறை காட்ட ஆள் இருப்பதாக உணர்வது. இரவில் வெளியே சுற்றாமல் இருப்பது.

பிறகு செய்தார்கள்

13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேலும், கோடையில் 12 மணிக்கு மேலும் பெரியவர்கள் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பயிற்சி வகுப்புகளின் கட்டணத்துக்கு ரெய்க்யவிக் நகராட்சி, பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பந்தும் கிடாரும் எட்டின.

பெற்றோர் கூடிப் பேசி, 'பெரியவர்கள் இல்லாத பார்ட்டிக்கு அனுப்ப மாட்டோம்' என்று ஒப்பந்தம் போட்டார்கள். 'எல்லார் வீட்லயும் விடறாங்களே' என்ற சாக்கு செல்லுபடியாகவில்லை. மாலையில் பெற்றோரே தெருக்களில் ரவுண்டு வந்தார்கள்.

இதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் மாணவர்களின் குடி குறைந்தது உண்மை. ஆனால் ஐஸ்லாந்து அளவுக்கு அல்ல.

நம் வீட்டில்?

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால், சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. சட்டம் கடைவாசலில்தான் நிற்கும். வீட்டுக்குள் நாம்தான் நிற்க வேண்டும்.

பிள்ளையின் நண்பர்களுடைய அம்மா, அப்பா போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? பத்தாம் வகுப்பு வந்ததும் 'படிப்பு கெட்டுடும்' என்று விளையாட்டை நிறுத்திவிட்டீர்களா? இன்று அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?

ஒருவேளை குடித்தது தெரிந்தால், போதையில் இருக்கும்போது அடிக்கவோ கத்தவோ வேண்டாம். மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உதவிக்கு, குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய இலவச எண்கள் இருக்கின்றன.

ஐஸ்லாந்து பிள்ளைகள் மட்டும் மாறவில்லை. வார நாள்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் செலவிடுவதாகச் சொன்ன பிள்ளைகள் 1997-ல் 23 சதவிகிதம்; 2012-ல் 46 சதவிகிதம். முதலில் மாறியவர்கள் பெற்றோர்தான்!