மட்கார்டில் ஒட்டிய மண்

மோட்டார் சைக்கிளை விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதானால், அதில் ஒட்டியுள்ள மண் முழுவதையும் நீக்கியாக வேண்டும். இது அழகுக்காக அன்று.

பார்த்தீனியச் செடியை நீங்கள் அறிவீர்கள். அதன் விதை சுமார் 2 மில்லிமீட்டர் நீளமே உடையது. மண்ணில் புதைந்து பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களோடும் இயந்திரப் பாகங்களோடும் அது குவீன்ஸ்லாந்தில் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. இன்று அங்கே மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கி வருகிறது. கப்பலின் நீண்ட பயணத்தில் மடியக்கூடிய பூச்சிகளும் கிருமிகளும் விமானத்தில் ஓரிரு நாளில் உயிரோடு போய்ச் சேரலாம்.

தண்ணீரை மேலே ஊற்றினால் மட்டும் போதுமா? போதாது. சேறு உலரும்போது, எஞ்சிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை களிமண் துகள்களை உலோகத்தோடு நெருக்கி இழுக்கிறது. மிக நெருங்கியபின் மூலக்கூறுகளின் கவர்ச்சி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே முதலில் நன்றாக ஊறவிடுங்கள். நீர் இடையே புகுந்து பிடியைத் தளர்த்தும். பிறகு வேகமான நீர்த்தாரையைப் பாய்ச்சுங்கள். மட்கார்டின் உட்புறம், டயரின் பள்ளங்கள், செயின் சக்கரத்தின் பின்புறம் ஆகியவற்றை டார்ச் விளக்கால் பாருங்கள். அங்குள்ள சோதனை அதிகாரி மண்ணைக் கண்டால், உங்கள் செலவிலேயே மீண்டும் கழுவச் சொல்வார். வண்டியைத் திருப்பி அனுப்பவும் கூடும்.