அண்டை நிலம் கேட்கச் சென்ற கதை



தன் வயலுக்கு அடுத்த வயலும் தனக்குக் கிடைத்தால் நலமென எண்ணாத குடியானவர் இரார். ஒரே கிணற்று நீர் இரண்டிற்கும் பாயும். வண்டி சென்று வர இடம் கிடைக்கும். ஆனால் அவ்வெண்ணத்தை நிலத்துக்குரியவரிடம் வாய்விட்டுக் கூறுவது எளிதன்று. அதில் நான் தவறிய வரலாற்றையே இன்று கூறப் போகின்றேன்.

எங்கள் ஓசூர்ப் பகுதியில் இச்செய்தி சற்று நுட்பமானது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின், கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலங்களுக்கும் விலை ஏறிற்று. பெங்களூருவோ சுமார் 40 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. ஆகவே ஒருவரிடம் நிலம் கேட்டால், 'சாலை வருகிறதோ, ஆலை வருகிறதோ, இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது' என்ற ஐயமே முதலில் எழும்.

என் கொல்லைக்குக் கிழக்கே உள்ள 40 சென்ட் நிலத்தின்மீது எனக்கு ஆசை பிறந்தது. நேரில் கேட்கக் கூசி, ஒரு தரகரை அனுப்பினேன். அவர் தேநீர்க் கடையில் பலர் முன்னிலையில் விலையையே முதலில் பேசிவிட்டார். நிலத்துக்குரிய பெரியவருக்கு, தாம் கடன்பட்டு நொடித்துப்போனதாக ஊரறியச் சொன்னதுபோல் ஆயிற்று. மறுநாள், அவர் நிலத்தின் ஓரமாக நான் நெடுங்காலம் நடந்த ஒற்றையடிப் பாதையில் முள் கிடந்தது.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகவே நடந்து வந்த வழிக்கு உரிமை கோரலாம். வழக்குத் தொடுங்கள் என்று நண்பர் ஒருவர் தூண்டினார். வழக்கில் பாதை கிடைக்கலாம். அண்டை வீட்டார் கிடைப்பாரா?

அறுவடை முடியும்வரை காத்திருந்து, மனைவியுடன் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றேன். அவர் வீட்டு மொழி தெலுங்கு. என் தெலுங்குக்கு நானே 35 மதிப்பெண் தந்திரேன். அதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். தரகரை அனுப்பியது என் பிழை என்று முதலில் ஒப்புக்கொண்டேன். "விற்கும் எண்ணம் என்றேனும் வந்தால் எனக்குச் சொல்லுங்கள்; வராவிட்டாலும் நாம் பழையபடியே இருப்போம்" என்றேன். விலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

"பதினாறு குண்டே தானே, சார்?" என்று அவரே பேச்சைத் தொடங்கினார். கர்நாடகத்தில் 40 குண்டே ஓர் ஏக்கர். நமக்கு 100 சென்ட் ஓர் ஏக்கர். எனவே ஒரு குண்டே இரண்டரை சென்ட், அதாவது 1,089 சதுர அடி. எல்லைப்புறத்தில் இரண்டு அளவும் வழங்குவதால், எந்த அளவு என்று தெளியாமல் விலை பேசுவது பூசலுக்கு வித்திடும்.

பிறகு பட்டாவை எடுத்து வந்தார். அது அவர் தந்தையார் பெயரிலேயே இருந்தது. பட்டா வருவாய்த் துறையின் பதிவேயன்றி, அதுவே முழு உரிமைச் சான்று ஆகாது. வில்லங்கச் சான்றும் பதிவு செய்யப்பெற்ற ஆவணங்களை மட்டுமே காட்டும். வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையை அது அறியாது. அவருக்கு இரு தங்கையர் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தையின் தனிச் சொத்தில் மகளையும் மகனுக்கு இணையான வாரிசாக்கியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் சட்டம் வழங்கியது. எனவே நான் கேட்க வேண்டியவர் ஒருவரல்லர், மூவர். தங்கையர் கையொப்பமின்றி வாங்குவோர் நிலத்தோடு வழக்கையும் சேர்த்தே வாங்குவர்.

தங்கையருள் இளையவர் ஆனேக்கல்லில் வாழ்கிறார். தந்தை உழுத மண்ணை விற்க அவருக்கு மனமில்லை. அண்ணன் வற்புறுத்தவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. விற்பனை நடைபெறாமலே போயிற்று.

ஆனால் நாங்கள் திண்ணையிலிருந்து எழுந்து வந்த மறுநாள் காலையே பாதையில் முள் இல்லை. இன்றும் அந்நிலத்தில் அவர்களே கேழ்வரகு விதைக்கிறார்கள்; அறுவடை முடிந்ததும் ஒரு படி மாவு எங்கள் வீட்டிற்கு வருகிறது.