வன்னியிலிருந்து இலண்டன் எவ்வளவு தூரம்?

கொழும்பிலிருந்து இலண்டனுக்கு ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் சுமார் 11 மணித்தியாலப் பயணம். கணினியைக் கேட்டால் நொடியில் இந்த விடை கிடைத்துவிடும். பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு அவர்களைக் காணப் புறப்படும் வன்னிப் பெற்றோருக்கு இது பாதி விடையே என்பது எமது கருத்தாகும்.

கணினி தருவது உருண்டையான பூமியின் மேல் அமையும் மிகக் குறுகிய பாதையின் நீளமாகும். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது மேற்கே போகாது. பெரும்பாலும் வடக்கு நோக்கி ஏறி ஆர்க்டிக் பிரதேசத்தைத் தொட்டு இறங்கும். அதன் நீளம் சுமார் 14,000 கிலோமீற்றர். வளைகுடா நாடுகள் வழியாகவோ இலண்டன் வழியாகவோ செல்பவர் இதனிலும் கூடிய தூரம் பறக்கிறார்.

தூரத்தைக் கொண்டு நேரத்தைக் கணிக்கவும் இயலாது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னை ஏறத்தாழ 650 கிலோமீற்றர்; பலாலியிலிருந்து 355 மட்டுமே. ஆயினும் பயண நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பலாலிச் சேவை 2019இல் ஆரம்பமாகி, கொரோனாவினால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. அதில் பறப்பவை வேகம் குறைந்த விசிறி விமானங்கள். ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் செலவாகும் நேரமோ இரண்டுக்கும் பொதுவானது.

இனி, தரைக்கு வருவோம். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீற்றர். வீதியால் 300க்கு மேல். இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம் போகும். விமானம் புறப்பட மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கு நிற்கவும் வேண்டும். ஆக, இலண்டன் பயணி ஆகாயத்தில் கழிப்பதற்கு நிகரான நேரத்தை அதற்கு முன்பே கழித்துவிடுகிறார். முல்லைத்தீவு முஸ்லிம்களுக்கு ஜித்தா சுமார் 4,650 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம். 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த காலத்தில் விமான நிலையம் அவர்களுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் மீண்டவர்களுக்கு ஹஜ் பயணத்தின் தரைவழிப் பகுதி மும்மடங்காயிற்று.

கடிகாரமும் ஒருகாலத்தில் குறுக்கே நின்றது. 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. அரை மணித்தியால வித்தியாசம் நிலைத்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்த பின்னர் ஓமந்தையைக் கடந்தவர்கள் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. விமானச் சீட்டில் இருந்ததோ கொழும்பு நேரம். 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பியது; ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது.

பயண முகவர்கள் முதியோரின் சீட்டைக் கையளிக்கும்போது, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வீட்டைவிட்டு இறங்க வேண்டிய நேரத்தையும் எழுதிக் கொடுப்பார்களாயின் நன்று.