ஐரோப்பியப் பயணத்தில் மருத்துவக் காப்புறுதி

ஜெர்மனியில் பணிபுரியும் என் மகனுடன் ஒருமுறை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்குச் சென்றிருந்தேன். படியில் வழுக்கி அவன் மணிக்கட்டு முறிந்தது. அரசு மருத்துவமனையில் தன் காப்புறுதி அட்டையை நீட்டினான். உள்ளூர் மக்களுக்குரிய விதிப்படியே சிகிச்சை கிடைத்தது.

அவ்வட்டையின் பின்புறம்தான் ஐரோப்பிய சுகாதாரக் காப்புறுதி அட்டை. 2004ஆம் ஆண்டு அறிமுகமான இது இலவசமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும், ஐஸ்லாந்து, நார்வே, லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகியவற்றிலும் செல்லுபடியாகும். தனியார் மருத்துவச் செலவும் தாயகம் திரும்பும் விமானச் செலவும் இதில் அடங்கா. மலைச்சரிவிலிருந்து மீட்டுவரும் செலவும் பல இடங்களில் நம்முடையதே.

அடுத்து சுவிட்சர்லாந்து செல்லவிருந்தோம். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த நான்கு நாடுகளிலும் டென்மார்க்கிலும் அட்டை பயன்படாது. மகனோ மலேசியக் குடிமகன்! உடனே அவனுக்குப் பயணக் காப்புறுதி எடுத்தோம். ஆனால் ஏற்கெனவே முறிந்த கைக்கு அது பொருந்தவில்லை.

என்னைப்போல் சுற்றுலா செல்வோருக்கு அட்டையே கிடையாது. ஆதலின், பிள்ளைகளைக் காணச் செல்லும் அன்பர்களே, புறப்படுமுன்பே இங்கேயே பயணக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடமும் "உன் அட்டை எந்தெந்த நாட்டில் செல்லும்?" என்று கேட்டுவையுங்கள்.