பூசாத சுவரின் கணக்கு

மணலூர்பேட்டை மாதிரி ஊர்களில் ‘வீடு வாங்கினான்’ என்ற பேச்சைக் கேட்பது அபூர்வம். ‘வீடு கட்டினான்’ என்பார்கள். அதைவிட அதிகமாகக் காதில் விழுவது ‘கட்டிக்கிட்டிருக்கான்’. தென்பெண்ணைக் கரையின் இந்தப் பேரூராட்சியிலும் சுற்றுப்பட்டிலும் நடந்து பார்த்தால் அப்படிப்பட்ட வீட்டை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ஹாலோ பிளாக் சுவர் பூசாமல் நிற்கும். தளத்துக்கு மேலே நாலு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டு துருவேறியிருக்கும். முகப்பில் திருஷ்டி பொம்மை, பின்கட்டில் கதவுக்குப் பதில் தகரம். குடும்பம் உள்ளே குடிவந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும்.

சாதாரண வருமானத்தில் சொந்த வீடு முடியுமா என்ற கேள்விக்குச் சென்னையில் ஒரு குறுக்குவழி உண்டு. அடுக்குமாடி வீட்டின் விலையை ஆண்டு வருமானத்தால் வகுக்கிறார்கள். மூன்று, நான்கு மடங்கு என்றால் முடியும். எட்டு, பத்து என்றால் மூச்சு முட்டும். இங்கே அந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் வீட்டுக்கு ஒரே விலை கிடையாது. மனை அப்பா காலத்தது, அஸ்திவாரம் ஒரு வருஷத்துச் சீட்டுப் பணம், தளம் அடகு வைத்த நகை.

ஆனாலும் கட்டுமானச் செலவை அளக்க நம்மிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது: வீட்டுத் திட்டங்களில் அரசே ஒரு வீட்டுக்கு ஒதுக்கும் தொகை. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு, சூரிய விளக்குகளும் சேர்த்து, 1.80 லட்சம் ரூபாய். 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம். அதாவது சதுர அடிக்கு 970 ரூபாய் சொச்சம். அந்த விலைக்கு எந்த மேஸ்திரியும் வீடு கட்டித் தரமாட்டார். மிச்சத்தைப் பயனாளிதான் போட வேண்டும். திட்டத்தில் பேர் வந்ததும் சந்தோஷத்தோடு சேர்த்து வட்டிக்காரர் ஞாபகமும் வருவது அதனால்தான்.

இன்னொரு சிக்கல், எல்லைக்கோடு. கனவு இல்லம் கிராம ஊராட்சிகளுக்கு உரியது. மணலூர்பேட்டை பேரூராட்சி, அரசு ஏட்டில் நகர்ப்புறம். ஆகவே இங்கே இருப்பவருக்குப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு. 2024 செப்டம்பரில் வந்த அதன் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, சொந்த மனையும் இருந்து, நாட்டில் வேறெங்கும் பக்கா வீடு இல்லாதவருக்கு மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து 2.50 லட்சம் வரை மானியம் உண்டு. வயலும் வரப்பும் ஒன்றுதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு திட்டம், இந்தப் பக்கம் வேறு திட்டம்.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மனைவி தையல். இருவரும் சேர்ந்து மாதம் 22,000 ரூபாய். பட்டாவோடு 2 சென்ட் மனை இருக்கிறது. 600 சதுர அடி வீடு, ஒரு பேச்சுக்குச் சதுர அடி 2,000 என்று வைத்தால் 12 லட்சம். மானியம் 2.50 லட்சம், கையிருப்பு 1.50 லட்சம் போக 8 லட்சம் கடன் வேண்டும். வங்கியில் 9 சதவீத வட்டிக்கு 20 வருஷக் கடன் கிடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 7,200. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. இறுக்கம்தான், ஆனால் முடியும்.

அந்த 7,200 எங்கே போகிறது என்று பலர் பார்ப்பதில்லை. முதல் மாதம் அதில் 6,000 வட்டி; அசலில் கழிவது 1,200தான். 14 வருஷம் தவறாமல் கட்டிய பிறகும் பாதி அசல், அதாவது 4 லட்சம், நிற்கும். ஆனால் ஆரம்பத்திலிருந்தே மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் கடன் 15 வருஷத்துக்குள் முடிந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேலாளர் முகம் சுளித்தாலும் கட்டலாம்.

சிக்கல் என்னவென்றால், லோடு ஆட்டோக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாதவரை வங்கி பார்க்கும் பார்வையே வேறு. அடுத்த கதவு தனியார் வீட்டுக் கடன் நிறுவனம். அங்கே 14 சதவீதம் என்றால் அதே 8 லட்சத்துக்குத் தவணை 9,950 ஆகிவிடும், வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி. அதற்கும் அடுத்த கதவு நம்ம ஊர் ‘ரெண்டு வட்டி’. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்று கேட்கச் சின்னதாக இருக்கும். வருஷத்துக்கு 24 சதவீதம். 8 லட்சத்துக்கு மாதம் 16,000, அதுவும் வெறும் வட்டி. அசல் அப்படியே இருக்கும். வீடும் அதேதான், மேஸ்திரியும் அவரேதான், குடும்பமும் மாறவில்லை. எந்தக் கதவு திறந்தது என்பதில்தான் ‘முடியும்’, ‘முடியாது’ இரண்டும் இருக்கின்றன.

மானியம் வாங்குகிறவருக்கும் வட்டிக்காரர் தேவைப்படுவது ஏன்? பணம் மொத்தமாக வருவதில்லை. பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, போட்டோ எடுத்து ஏற்றிய பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான தவணை. முதலில் கைக்காசு, பிறகு அரசுப் பணம். கைக்காசு இல்லாதவர் 1 லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கி 8 மாதம் காத்திருந்தால் 16,000 ரூபாய் போச்சு. பூச்சு வேலைக்கு வைத்த பணம் அதுவாகத்தான் இருக்கும்.

மனை இல்லாதவர் கதை வேறு. பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 5 லட்ச ரூபாய் மனைக்கு அது 5,000 ரூபாய். ஒரு லோடு எம்-சாண்டுக்காவது உதவும். (மணலைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர் எம்-சாண்ட் வாங்கித்தான் வீடு கட்டுகிறது.) மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கீகாரமில்லாத மனையில் கைவைக்க வேண்டாம். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட நாளில் எத்தனையோ பேரின் சேமிப்பு முடங்கியது. வரன்முறைப்படுத்தும் திட்டம் அடுத்த வருஷம்தான் வந்தது.

சொந்த மனை இருந்தும் மாட்டிக்கொள்பவர்களையும் சொல்ல வேண்டும். அப்பா பெயரில் பட்டா, அப்பா இல்லை, அண்ணன் தம்பி நாலு பேர். கூட்டுச் சொத்தை அடமானம் வைக்க நாலு கையெழுத்தும் வேண்டும். ஒருவர் திருப்பூரில் இருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்குக் கட்டணம் குறைவுதான். வீடு கட்ட நினைப்பவர் மேஸ்திரியைத் தேடுவதற்கு முன்னால் அந்த வேலையை முடிப்பது புத்திசாலித்தனம். இதே மாவட்டத்தின் மறுகோடியில் கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் மோசம். தலைமுறைகளாக உழுத நிலத்துக்கே பட்டா இல்லாத குடும்பங்கள் அங்கே உண்டு. காகிதம் இல்லாத மண்ணை எந்த வங்கியும் அடமானமாக ஏற்காது.

கடைசியாக ஆற்றோர மனை. தை 5ஆம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வரும்போது தென்பெண்ணை பரந்த மணல்வெளியாக, சாதுவாகக் கிடக்கும். அதைப் பார்த்து மனை வாங்கக் கூடாது. 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் இதே ஆற்றில் வந்தது. சென்ட் விலை குறைவாகச் சொன்னால், அன்றைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், சுவர்களையும் பாருங்கள். பூசாத சுவரில் சேற்றுக் கறை சீக்கிரம் போகாது.